ஆம்பியர் கூடினால் ஆபத்து குறையுமா?

சொந்தக் கையால் விமானம் கட்டுகிறவர்களிடம் இன்று பரவலாக ஒரு நம்பிக்கை இருக்கிறது. மின்சாரம் தரும் முதல் ஆல்டர்னேட்டர் நடுவானில் போய்விட்டால் கைகொடுக்க இரண்டாவது ஒன்று வேண்டும். அதுவும் எவ்வளவு பெரிதாகக் கிடைக்கிறதோ அவ்வளவு நல்லது. சந்தையில் 8 ஆம்பியரில் இருக்கிறது, 20-இல் இருக்கிறது, 30-இல் இருக்கிறது என்றால் கை தன்னால் 30-ஐ நோக்கிப் போகிறது. முதலாவது செய்த வேலை அத்தனையையும் இரண்டாவதும் செய்ய வேண்டும், விமானி எந்தச் சுவிட்சையும் தொட வேண்டியிருக்கக் கூடாது என்பது இவர்கள் வாதம். கேட்பதற்கு நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் இது தவறான இடத்தில் தொடங்குகிற யோசனை. துணை ஆல்டர்னேட்டர் விஷயத்தில் ஆம்பியர் என்பது கடைசியாக முடிவு செய்ய வேண்டிய எண். அதை முதலில் வைத்துக்கொண்டு கடைக்குப் போகிறவர் தும்பை விட்டு வாலைப் பிடிக்கிறார்.

இந்த நம்பிக்கை எங்கிருந்து வந்தது என்று பார்த்தால் பாதி விஷயம் விளங்கிவிடும். அமெரிக்காவில் வீட்டில் கட்டப்படும் விமானங்களில் பலவற்றுக்கு லைகோமிங் எஞ்சின். அதன் பின்பக்கத்தில், பற்சக்கரங்கள் இருக்கும் கூட்டின் மேல், வேக்குவம் பம்ப் மாட்ட ஒரு தளம் உண்டு. விமானத்தின் சாய்வையும் திசையையும் காட்டும் கைரோ கருவிகள் அந்த பம்ப் இழுக்கும் காற்றில் சுழன்ற காலம் அது. டைனான், கார்மின் நிறுவனங்களின் மின்னணுத் திரைகள் வந்தபின் கைரோக்களும் போயின, பம்பும் போயிற்று. தளம் மட்டும் ஒரு மூடித் தகட்டோடு காலியாக நிற்கிறது. காலி இடத்தைப் பார்த்தால் அதில் எதையாவது மாட்டச் சொல்லி மனசு அரிக்கும். கான்சாஸ் மாநிலத்தின் நியூட்டன் ஊரிலுள்ள பி அண்ட் சி நிறுவனத்தின் எஸ்டி-8 ஆல்டர்னேட்டர் அந்தத் தளத்தில் கச்சிதமாக உட்காரும். 8 ஆம்பியர், ஏறத்தாழ ஒன்றரைக் கிலோ. பிறகு 20 ஆம்பியர் வந்தது, 30-உம் வந்தது. பெரிதாகிக்கொண்டே போகும் பட்டியலைப் பார்க்கிறவருக்குக் கீழே இருப்பது பழசு, மேலே இருப்பது முன்னேற்றம் என்று தோன்றுவது இயல்புதான். கட்டும் வேலையில் பெரும்பகுதியைச் சொந்தமாகச் செய்தவருக்குச் சான்றிதழ் பெற்ற பாகத்தைத்தான் போட வேண்டும் என்ற கட்டாயமும் இல்லை. எதை வேண்டுமானாலும் மாட்டலாம் என்ற சுதந்திரம் இருக்கும் இடத்தில் செவிவழி ஞானம் சட்டமாகிவிடுகிறது.

கணக்குக்கு வருவோம். வேன்ஸ் நிறுவனத்தின் ஆர்வி-7 ஒன்றை எடுத்துக்கொள்கிறேன். இருவர் உட்காரும் விமானம். டாங்கில் 42 காலன், அதாவது ஏறத்தாழ 159 லிட்டர் பிடிக்கும். நிதானமாகப் போனால் நாலு மணி நேரத்துக்கு மேல் பறக்கலாம். எஞ்சினில் தானே தீப்பொறி தரும் மேக்னட்டோ இருக்கிறது. பேட்டரியைக் கழற்றி வெளியே எறிந்தாலும் எஞ்சின் ஓடிக்கொண்டிருக்கும். ஆல்டர்னேட்டர் போய்விட்டது. வீடு போய்ச் சேர உண்மையில் என்னென்ன வேண்டும்? ஒரு திரை, சுமார் 2 ஆம்பியர். வழிகாட்டியும் ரேடியோவும் சேர்ந்த பெட்டி, கேட்டுக்கொண்டிருக்கும்போது இரண்டரை. டிரான்ஸ்பாண்டர் முக்கால். எஞ்சின் அளவீட்டுப் பெட்டி அரை. ஆட்டோபைலட் மோட்டார்கள் சராசரியாக ஒன்று. கூட்டினால் 7 ஆம்பியருக்குச் சற்றே கீழே. பேசும் பொத்தானை அழுத்தினால் இன்னும் 6 கூடும், ஆனால் அது சில வினாடிகள்.

ஆக, 8 ஆம்பியர் சமதளப் பறப்பில் முழுச் சுமையையும் தாங்குகிறது. பேட்டரியிலிருந்து ஒரு சொட்டும் போவதில்லை. இந்த இடத்தைத்தான் பெரிய ஆல்டர்னேட்டர் கட்சி கவனிப்பதே இல்லை. எஸ்டி-8 பற்றிப் பேச்செடுத்தால் யானைப் பசிக்குச் சோளப்பொரியா என்று சிரிக்கிறார்கள். இறங்கும்போது விளக்குப் போட வேண்டும், பனி இருந்தால் வேகத்தை அளக்கும் பிட்டோ குழாயைச் சூடாக்க வேண்டும், அதற்கே 10 ஆம்பியர், எட்டு எங்கே போதும் என்கிறார்கள். போதாதுதான். அதற்குத்தான் பேட்டரி இருக்கிறது. விளக்கு 3, பிட்டோ சூடு 10, மற்றவை 7, மொத்தம் 20. இறங்கும் சுற்றில் சின்ன ஆல்டர்னேட்டர் 3 ஆம்பியர்தான் தருகிறது என்றே வைத்துக்கொள்ளுங்கள். பற்றாக்குறை 17. கால் மணி நேரத்துக்கு நாலேகால் ஆம்பியர்-மணி. சாதாரணமாக இந்த விமானங்களில் வைக்கும் பேட்டரி புதிதில் 16 ஆம்பியர்-மணி. வயதாகி, வேகமாகவும் இழுக்கப்படுகிறது என்று கழித்துப் பார்த்தாலும் இது தாராளமாகத் தாங்கும். ஏனென்றால் வழி நெடுக அது நிரம்பியபடியே வந்திருக்கிறது. சின்ன ஆல்டர்னேட்டர் தூரத்தைப் பார்த்துக்கொள்கிறது, பேட்டரி தரையிறக்கத்தைப் பார்த்துக்கொள்கிறது. இந்த வேலைப் பிரிவினைதான் வடிவமைப்பு. எட்டு என்ற எண்ணை மட்டும் தனியே பிடுங்கி எடுத்து நகைப்பது கணக்கை இடையில் நிறுத்திவிட்டு நகைப்பது.

இதற்கு ஒரு முன்நிபந்தனை உண்டு. தேவையான சாமான்கள் தனி பஸ்பாரில், அதாவது மின்சாரத்தைப் பங்கிடும் தனிப் பட்டையில், இருக்க வேண்டும். நம் ஊரில் வீட்டுக்கு இன்வெர்ட்டர் வைக்கும்போது ஏசியையும் கீசரையும் அதில் சேர்க்கிறோமா? ஃபேன், லைட், வைஃபை ஆகியவற்றுக்குத் தனி லைன் இழுக்கச் சொல்கிறோம். எலக்ட்ரீஷியனும் அதையே முதலில் கேட்பார். ‘ஏரோ எலக்ட்ரிக் கனெக்‌ஷன்’ நூலை எழுதிய பாப் நக்கல்ஸ் வீட்டு விமானக்காரர்களுக்கு எண்டூரன்ஸ் பஸ் என்று வரைந்து கொடுத்ததும் இதைத்தான். வழக்கமான நேரத்தில் முதன்மை பஸ்பாரிலிருந்து ஒரு டையோடு வழியாக அதற்கு மின்சாரம் வரும். ஆபத்தில் பேட்டரியிலிருந்து நேரே இன்னொரு கம்பி, ஒரு சுவிட்ச். முதன்மைச் சுவிட்சான மாஸ்டரை அணைத்துவிட்டு அந்தச் சுவிட்சைப் போட்டால் தேவையற்ற சுமை எல்லாம் ஒரே அசைவில் கழன்று விழுகிறது. மாஸ்டர் காண்டாக்டரின் சுருள் தின்கிற கிட்டத்தட்ட 1 ஆம்பியர்கூட மிச்சம்.

இருட்டில், மேகத்துக்குள், வியர்த்துக்கொண்டிருக்கும் விமானியை உட்கார்ந்து எதை அணைப்பது என்று யோசிக்க வைப்பது கொடுமை அல்லவா என்பது எதிர்க்கட்சியின் நல்ல வாதம். மனிதன் பதற்றத்தில் தப்புச் செய்வான், அதில் சந்தேகமில்லை. ஆனால் அந்த யோசனை ஹேங்கரில், பகலில், காபி குடித்துக்கொண்டு செய்து முடித்திருக்க வேண்டியது. அதைச் செய்யாமல் 30 ஆம்பியர் வாங்கி மாட்டுவது விமானியின் சுமையைக் குறைப்பதில்லை. கட்டுகிறவரின் வேலையைக் குறைக்கிறது. அந்த 30-உம் போய்விடும் நாளில் விமானி நாற்பது சுவிட்சுகளுக்கு முன்னால் எந்த ஒழுங்கும் இல்லாமல் உட்கார்ந்திருப்பார்.

அந்த 30-க்கும் ஒரு சங்கதி உண்டு. பெட்டியில் அச்சடித்த எண் ஒரு குறிப்பிட்ட சுழல்வேகத்துக்கு உரியது. நாலு சிலிண்டர் லைகோமிங்கில் வேக்குவம் தளம் கிராங்க் சுற்றைப்போல் 1.3 மடங்கு சுழலும். 2,300-இல் பறந்தால் தளத்தில் 2,990. ஓடுபாதையை நோக்கி 1,200-க்குக் குறைத்தால் 1,560. முன்பக்கம் பெல்ட்டில் ஓடும் பெரிய ஆல்டர்னேட்டர் புல்லி விகிதத்தால் இதைவிடப் பல மடங்கு வேகமாகச் சுழல்வதால் இந்தக் கவலை அதற்கு இல்லை. பின்தளத்தில் உட்காரும் எதற்கும் உண்டு. ஆக, முழுச் சுமையையும் தாங்கும் என்று நம்பி வாங்கியவன், விளக்கும் பிட்டோ சூடும் ஒருசேர வேண்டிய அந்தக் கடைசிப் பத்து நிமிடத்தில் பேட்டரியைத்தான் நம்பி நிற்கிறான். பேட்டரியை ஒதுக்கிவைக்க வாங்கிய சாமான் கடைசியில் பேட்டரியிடமே வந்து நிற்கிறது.

இதைவிடப் பெரிய குறை ஒன்றிருக்கிறது. முதல் ஆல்டர்னேட்டர் ஏன் போகிறது? பிரஷ் தேயலாம், டையோடு வெடிக்கலாம், பெல்ட் அறுந்துபோகலாம். பெல்ட் மாற்ற ப்ரொப்பெல்லரைக் கழற்ற வேண்டும் என்பதால் சிலர் உபரி பெல்ட் ஒன்றை முன்கூட்டியே புல்லிக்குப் பின்னால் சுற்றிக் கட்டி வைப்பதுண்டு. ஆனால் கட்டியவரின் கைவேலையில் விழும் குறைகளைக் கொஞ்சம் கிட்டத்தில் போய்ப் பாருங்கள். ஆல்டர்னேட்டரின் முதுகில் பி என்று குறித்த திருகுமுனை. அதில் தடித்த கம்பியின் நுனியில் நசுக்கி மாட்டிய வளைய லக். கம்பியை இரண்டு அங்குலம் தள்ளி எங்கும் பிடித்துக் கட்டவில்லை. எஞ்சினின் ஒவ்வொரு அதிர்வுக்கும் அந்தக் கம்பி துள்ளுகிறது. துள்ளல் எல்லாம் லக்கின் கழுத்தில் வந்து விழுகிறது. செப்பு இழைகள் ஒன்றொன்றாக அறுகின்றன. மிச்சமிருக்கும் இழைகளில் அதே மின்னோட்டம், அதனால் சூடு, அதனால் லக் பழுத்து நிறம் மாறுகிறது. ஆல்டர்னேட்டரில் ஒரு குறையும் இல்லை. இந்த வேலையைச் செய்த அதே கை, அதே கிரிம்ப் கருவியால், அதே வாரத்தில், இரண்டாவது ஆல்டர்னேட்டரின் லக்கையும் நசுக்கியிருக்கிறது.

அதோடு இரண்டும் போய்ச் சேர்வது ஒரே பஸ்பாரில், ஒரே எர்த் போல்ட்டில், ஒரே மாஸ்டர் காண்டாக்டரில் என்றால் இரண்டு இருப்பதற்கு அர்த்தமே இல்லை. காக்பிட்டில் புகை வந்தால் எந்த விமானியும் முதலில் செய்வது மாஸ்டரை அணைப்பது. ஒற்றை பஸ்பார் விமானத்தில் அந்தக் கணமே இரண்டு ஆல்டர்னேட்டரும் பயனற்றுப் போகின்றன. கம்பி எங்கோ உரசி உடலோடு ஒட்டிக்கொண்டிருந்தால் பெரிய துணை அந்தக் கோளாறுக்கு இன்னும் 30 ஆம்பியர் ஊட்டும். ரெகுலேட்டர் கெட்டு வோல்ட்டேஜ் 16-ஐத் தாண்டி எகிறினால் அதைச் சில மில்லி வினாடிகளில் பிடித்து நிறுத்தும் பாதுகாப்பு இருக்கிறதா என்பதுதான் கேள்வி. இல்லையென்றால் இரண்டாவது ஆல்டர்னேட்டர் வேலைக்கு வரும்போது அது ஊட்ட வேண்டிய திரைகள் ஏற்கெனவே கருகியிருக்கும்.

எதிர்த்தரப்பார் கடைசியில் கையைக் காட்டுவது சிர்ரஸ் எஸ்ஆர்22-ஐ. 2001-லிருந்து விற்பனையாகும் விமானம், வேக்குவம் கிடையாது, இரண்டு ஆல்டர்னேட்டர், இரண்டு பேட்டரி. சான்றிதழ் பெற்ற நிறுவனமே இரண்டு வைக்கிறபோது நாங்கள் வைக்கக் கூடாதா? தாராளமாக வையுங்கள்; முழுசாகப் பார்த்து வையுங்கள். ஆரம்ப ஆண்டுகளின் எஸ்ஆர்22-இல் இரண்டாவது ஆல்டர்னேட்டர் வெறும் 20 ஆம்பியர், பிறகுதான் பெரிதாக்கினார்கள். அந்த 20 ஏன் போதுமாக இருந்தது? முதன்மை பஸ்பார் வேறு, அத்தியாவசிய பஸ்பார் வேறு என்று பிரித்து, இடையில் டையோடு வைத்து, ஒன்றின் கோளாறு மற்றதை இழுக்காதபடி செய்திருந்தார்கள். எஞ்சினோ மேக்னட்டோவில் ஓடுகிறது. மொத்த மின்சாரமும் போனாலும் நிற்காது. சிர்ரஸிடமிருந்து கற்க வேண்டியது அந்தப் பிரிவினையை. வீட்டு விமானக்காரர்களில் பலர் அங்கிருந்து எடுத்துக்கொண்டது இரண்டு என்ற எண்ணிக்கையை மட்டும்.

இன்னொரு பக்கமும் உண்டு. அங்கே நான் கட்சி மாறுகிறேன். மேக்னட்டோவே இல்லாமல், கணினி வைத்த எரிபொருள் இன்ஜெக்‌ஷனும் மின்னணு இக்னிஷனும் போட்ட எஞ்சின்கள் பெருகிவருகின்றன. இங்கே மின்சாரம் நின்றால் எஞ்சின் நிற்கும். அழுத்தம் கொடுக்கும் எரிபொருள் பம்ப் ஒன்றே 5 ஆம்பியர் பக்கம் இழுக்கும். காயில், இன்ஜெக்டர், கணினி எல்லாம் கூட்டினால் 12 முதல் 15 வரை போகும். வயதான 16 ஆம்பியர்-மணி பேட்டரி இதை முக்கால் மணி நேரம் தாங்கினால் அதிகம். காக்பிட் சாமான்களையும் சேர்த்தால் அரை மணி. இத்தகைய விமானத்துக்கு எட்டு ஆம்பியர் போதும் என்று சொல்கிறவர் தவறான ஆலோசனை சொல்கிறார். இங்கே இரண்டாவது ஆல்டர்னேட்டர் ஆடம்பரம் இல்லை, எரிபொருள் குழாயைப் போல எஞ்சினின் உறுப்பு. ஆனாலும் இங்கேயும் முதல் கேள்வி ஆம்பியர் இல்லை. எஞ்சினுக்கு மட்டுமான தனி பஸ்பார் இருக்கிறதா? அதற்கு இரண்டு வழியில் மின்சாரம் வருகிறதா? மாஸ்டரை அணைத்தாலும் அது உயிரோடு இருக்குமா? ரோட்டாக்ஸ் 912 ஐஎஸ் எஞ்சினை வடிவமைத்தவர்கள் இதைத்தான் யோசித்தார்கள். உள்ளேயே இரண்டு ஜெனரேட்டர்; ஒன்று எஞ்சின் கணினிக்கு, பெரியது விமானத்தின் மற்ற சாமான்களுக்கு. எஞ்சினுக்கு உரியது போனால் மற்றது எஞ்சினுக்குத் திரும்பிவிடும், விமானச் சாமான்கள் பேட்டரிக்குத் தள்ளப்படும். எது முக்கியம் என்பதில் அவர்களுக்குக் குழப்பம் இல்லை. மேக்னட்டோ விமானத்துக்கும் இதற்கும் ஒரே விடையை, பெரியது வாங்கு என்று சொல்லித்தருவதுதான் இன்றைய பொதுப் பேச்சின் ஆபத்தான பகுதி. முதலாமவருக்கு அது வீண் செலவு. இரண்டாமவருக்கு அது பொய்யான தைரியம்.

பகலில் மட்டும், நல்ல வானிலையில், மேக்னட்டோவோடு பறக்கிறவருக்குத் துணை ஆல்டர்னேட்டரே தேவையில்லை என்பதையும் சொல்லிவிடுகிறேன். வசவு வரும், வரட்டும். மேலே போட்ட 7 ஆம்பியர் கணக்கை ஓரளவு தேய்ந்த பேட்டரிமேல் வைத்துப் பாருங்கள், ஒன்றரை மணி நேரம் வருகிறது. ஆர்வி-7 அதற்குள் நானூறு கிலோமீட்டருக்கு மேல் போய்விடும். சான்றிதழ் பெற்ற சிறு விமானங்களுக்கே பேட்டரி அத்தியாவசியச் சாமான்களை 30 நிமிடம் தாங்கினால் போதும் என்றுதான் அமெரிக்க விதி இருந்தது. கேள்வி, உங்கள் பேட்டரி நிஜமாகவே ஓரளவுதான் தேய்ந்திருக்கிறதா என்பது. எஞ்சினைக் கிளப்புகிறதே என்பது சான்று ஆகாது. கிளப்புவதற்குச் சில வினாடி வேகம் போதும். தாங்குவதற்குக் கொள்ளளவு வேண்டும். 7 ஆம்பியர் சுமையை மாட்டிவிட்டு, வோல்ட்டேஜ் 10.5-க்கு இறங்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று வருடத்துக்கு ஒருமுறை கடிகாரம் பார்த்து எழுதிவைத்தால் தெரிந்துவிடும். ஐந்து வருடப் பேட்டரிக்கு இந்தச் சோதனையைச் செய்யாமல் ஆயிரம் டாலர் ஆல்டர்னேட்டருக்குக் கணக்குப் போடுகிறவர்களை என்னவென்று சொல்வது! அமெரிக்கப் போக்குவரத்துப் பாதுகாப்பு வாரியம் 2012-இல் வீட்டு விமானங்களைப் பற்றி வெளியிட்ட ஆய்வு, விபத்துகளில் முன்னணியில் நிற்பது எஞ்சின் செயலிழப்பும் பறக்கும்போது கட்டுப்பாடு இழப்பதும் என்றது. மேக்னட்டோக்காரர் அந்த ஆயிரம் டாலரை எரிபொருள் குழாய்களைப் பார்ப்பதிலும் பயிற்றுநரோடு பறப்பதிலும் போட்டால் அந்த இரண்டில் ஏதாவது ஒன்றைத் தொடும்.

மேகத்துக்குள்ளும் இரவிலும் நெடுந்தூரம் போகிறவருக்குத் துணை வேண்டும். அவருக்கும் பெரும்பாலும் சின்னதே போதும். பெரியதில் அவருக்கு இன்னொரு தீமை: கோளாறு மறைந்துவிடும். துணையின் ரெகுலேட்டரை முதன்மையைவிடச் சற்றுக் குறைந்த வோல்ட்டில் வைத்துவிட்டால் முதலாவது போனதும் தானே வேலையை எடுத்துக்கொள்ளும். நல்ல ரெகுலேட்டரில் அப்போது ஒரு விளக்கு எரியும், சுமை மிஞ்சினால் சிமிட்டும். சின்ன ஆல்டர்னேட்டரில் அந்தச் சிமிட்டல் விமானியின் கையைப் பிடித்து அணைக்க வைக்கும். பெரியதில் சிமிட்டவே சிமிட்டாது. ஓரத்தில் அடங்கி எரியும் விளக்கோடு அவர் அடுத்த ஊருக்கும் போவார், திரும்பியும் வருவார், இப்போது துணையே இல்லாத ஒற்றை ஆல்டர்னேட்டர் விமானத்தில்.

பெரிய துணை இருந்தால் விமானத்தை விற்கும்போது நல்ல விலை கிடைக்கும் என்பார்கள். கிடைக்கலாம். வாங்க வருகிறவர் விவரமானவராக இருந்தால் சோதனைப் பறப்பு ஏட்டைக் கேட்பார். கட்டி முடித்த விமானத்துக்கு வழக்கமாக விதிக்கும் 25 அல்லது 40 மணி நேரச் சோதனைக் காலத்தில் முதன்மை ஆல்டர்னேட்டரை வேண்டுமென்றே அணைத்துவிட்டு, 2,300 சுற்றில் ஒரு முறையும் 1,200 சுற்றில் ஒரு முறையும் அத்தியாவசிய பஸ்பாரின் வோல்ட்டேஜ் எவ்வளவு என்று பார்த்து எழுதியிருக்க வேண்டும். 13-க்கு மேல் நின்றால் துணை சுமக்கிறது. 12.5 என்று எழுதியிருந்தால், எஞ்சினுக்குப் பின்னால் எத்தனை ஆம்பியர் என்று அச்சிட்ட பெட்டி உட்கார்ந்திருந்தாலும் விமானம் பேட்டரியில்தான் பறந்துகொண்டிருந்தது.